உம்மா புயல் வெட்டைக்குப் போன நாள்

என் வாப்பா விளையாடப் போன இடத்தில் மௌத்தானார். இதை இவ்வளவு நேராகச் சொல்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்காது. மாமாவிடம் கேட்டால் "அக்சிடன்" என்பார். மாமியிடம் கேட்டால் "நாயன் எழுதின எழுத்து" என்பார். ஊர் மட்டும் நான் சொன்னது போலவே சொன்னது. அதுவும், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற மனிசன் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளையாடப் போய் மௌத்தானான் என்று ஓர் இழுப்போடு சொன்னது.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்தது. ஊரின் கடைசியில் ஒரு பெரிய தென்னந்தோட்டம் இருந்தது. ஒரு வருடம் பெரும் புயலடித்த இரவில் அந்தத் தோட்டம் முழுவதும் படுத்துவிட்டது. விடிந்தபோது, அதுவரை கடலைக் கண்டிராத வீடுகளின் வாசலிலிருந்தெல்லாம் கடல் தெரிந்ததாம். விழுந்த மரங்களை அறுத்துக் கொண்டுபோனார்கள். அடிக்குத்திகளும் மணலும் மிஞ்சின. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசி அந்த மணலை மேடுகளாகக் குவித்தன. ஊர் அதற்குப் புயல் வெட்டை என்று பெயர் வைத்தது.

அந்த வருடங்களில்தான் ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. வீதியில் ஓடி அலுத்த பொடியன்கள் அவற்றைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஈர மணலில் ஓடினார்கள். கரைவலை இழுப்பவர்கள், வலைக்கு மேலால் சில்லு ஏறுகிறது, மீனும் பயந்து ஓடுகிறது என்று முறையிட்டார்கள். மீன் பயந்ததோ இல்லையோ, ஊர்ச் சபை பயந்துவிட்டது. புயல் வெட்டையைச் சுற்றிக் கயிறு கட்டி, "பொதுமக்கள் பொழுதுபோக்கு வாகன ஓட்டத் திடல்" என்று ஒரு பலகையும் நட்டது. "பொழுதுபோக்கு" பிழையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. அதற்காக யாரும் ஓடாமல் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் அங்கே கூட்டம் சேரும். எங்கள் ஊர்ப் பொடியன்கள், கல்முனையிலிருந்து தமிழ்ப் பொடியன்கள், வேலை மாற்றலாகி வந்த சில உத்தியோகத்தர்கள், ஒரு தடவை பழைய ஜீப் ஒன்றோடு ஒரு காட்டிலாகாக்காரர் கூட வந்தார். கச்சான் கடலை விற்பவரும் ஐஸ்பழக்காரரும் பலகைக்குக் கீழே நிற்பார்கள். மேட்டில் ஏறி இறங்குவதுதான் விளையாட்டு. ஏற முடியாமல் பாதியில் மணலில் புதைந்து விழுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது மற்றவர்களின் விளையாட்டு.

வாப்பா நெல்லு மில்லில் இயந்திரம் பார்ப்பவர். அவரிடம் இருந்தது புதிய ஜப்பான் மோட்டார் சைக்கிள் அல்ல, யாரோ ஒரு தோட்டத்துரை விட்டுப்போன பழைய ஒன்று. கிழமை முழுவதும் அதைக் கழற்றிப் பூட்டுவார். வெள்ளிக்கிழமை அதற்கு மனம் வந்தால் ஓடும். என்னை எண்ணெய்த் தாங்கியின் மேல் முன்னால் ஏற்றி வைத்து, மேடில்லாத தரையில் வெட்டையைச் சுற்றி வருவார். என் கைகளுக்கு மேல் அவர் கைகள் இருக்கும். மேட்டில் ஏறும்போது மட்டும் என்னை ஐஸ்பழக்காரரிடம் இறக்கி விடுவார். உம்மா ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. "வாங்களன், ஒருக்காப் பாருங்களன்" என்று வாப்பா எத்தனையோ தரம் கேட்டார். "பொம்புளையள் போற எடமா அது?" என்பது ஒவ்வொரு தரமும் உம்மாவின் பதில்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். வாப்பா தனியாகப் போனார். பிறகு நடந்ததை நான் மற்றவர்களின் வாயிலிருந்துதான் கேட்டேன். ஆக உயரமான மேட்டில் வாப்பா ஏறியிருக்கிறார். அவருக்குப் பின்னால் அவருடைய கூட்டாளி பட்டறைத் தம்பி ஏறியிருக்கிறார். இருவரும் மேட்டின் கடல் பக்கமாக இறங்கியதால் இங்கே நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டறைத் தம்பி மேட்டின் மேல் வந்து நின்று கத்தினாராம். மற்றவர்கள் மேட்டைத் தாண்டி ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வாப்பா போய்விட்டார். பிறகுதான் வேன் பிடித்துக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பட்டறைத் தம்பி கல்முனையில் சேர்ச்சுக்குப் போகிற ஒரு தமிழ் வேதக்காரக் குடும்பத்துப் பிள்ளை. தமையனோடு சேர்ந்து மோட்டார் சைக்கிள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். வாப்பாவை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு, அவரோடு இயந்திரம் பற்றிக் கதைக்க வருவார். எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து கையெல்லாம் எண்ணெயோடு இருவரும் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். உம்மா அவர் முன்னால் வந்ததில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் அவருக்கும் சேர்த்துச் சோறு போட்டு என் கையில் தந்து விடுவார். "அக்காட கறி நல்லா இரிக்கெண்டு சொல்லு" என்று அவர் என்னிடம் சொல்லி அனுப்புவார். உம்மாவும் அவரும் அறிந்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

வாப்பாவை அடக்கிய பிறகு ஊரில் ஒரு கதை புறப்பட்டது. பட்டறைத் தம்பிதான் வாப்பாவைப் போட்டிக்கு இழுத்தாராம். இளந்தாரிக்கு ஈடாக ஓடப் போய்த்தான் வாப்பா விழுந்தாராம். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாமா அதை அப்படியே நம்பினார். மாமா உம்மாவின் தமையன். அழ வேண்டிய இடத்திலெல்லாம் கோபிக்கிற மனிதர். மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று பட்டறைத் தம்பி எங்கள் வேலிப் படலையடிக்கு வந்து நின்றபோது, மாமா வெளியே போய்ச் சத்தம் போட்டார். "இன்னொருக்கா இந்தப் பக்கம் வந்தாக் காலு கையோட போகமாட்டாய்!" என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. நான் மாமாவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

உம்மா அப்போது, புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அடங்கியிருக்கிற இத்தாவில் இருந்தார். வெள்ளைச் சீலை உடுத்து, நடு அறையில், வாசலுக்கு ஒரு திரை போட்டு இருந்தார். அன்னிய ஆண்கள் யாரும் அவரைப் பார்க்க முடியாது. அவரும் வெளியே வர முடியாது. வெளியே நடக்கிறதெல்லாம் சத்தமாகத்தான் அவரிடம் போய்ச் சேரும். மாமா கத்திய அன்று உம்மா, நான் உள்ளே போனபோது, "அந்தத் தம்பி போயிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். "ஓம், மாமா வெரட்டிட்டார்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

கொஞ்ச நாளில், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயரும் வேறு இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். மண்டபத்தில் பாய் விரித்து இருந்தார்கள். மரைக்காயர் திரையைப் பார்த்துக் கதைத்தார்.

"புள்ள, ஊர்ல ஒரு ஆள் மௌத்தான எடம் அது. அந்த வெட்டைய மூடச் செல்லிச் சபைக்குச் செல்லப் போறம். ஒங்கட வாயால ஒரு சொல் செல்லிட்டீங்கண்டாச் செரி. ஒருத்தரும் மறுக்க ஏலா."

உம்மா உள்ளிருந்து சொன்னார். "இத்தா முடியட்டும். நான் ஒருக்காப் பாத்துப்போட்டுச் செல்றன்."

"எதப் பாத்துப்போட்டு?" என்றார் மரைக்காயர்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, துக்கத்தில் ஏதோ சொல்கிறா, நான் கதைக்கிறேன் என்று அனுப்பி வைத்தார். வெட்டை மூடப்படவும் இல்லை, திறந்திருக்கிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. சில வாரங்கள் வெறுமையாகக் கிடந்தது. பிறகு பொடியன்கள் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள்.

இத்தா முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, உம்மாவைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போக மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமாவிடம் உழவு மெசின் இருந்தது, நாலு சில்லு ட்ரக்டர். அதன் பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டிக்குள் பாய் விரித்து, கலியாணத்துக்குப் போவது போல எங்களை ஏற்றினார்கள். உம்மா சாம்பல் நிறச் சீலை உடுத்திருந்தார். நெடுநாள் வெயில் படாத அவர் முகம் வெளிச்சத்தில் சுருங்கியது. தங்கச்சி மாமியின் மடியில் இருந்தாள். மாமா முன்னால் மெசினை ஓட்டினார். பெட்டி குலுங்கக் குலுங்கத் தெருவில் நின்றவர்களெல்லாம் எங்களைப் பார்த்தார்கள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமாவின் வீட்டுக்கு மேற்கே திரும்ப வேண்டிய சந்தியில் உம்மா பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். மாமா நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"காக்கா, கடல் பக்கம் திருப்புங்க."

"கடல் பக்கமா? எங்க?"

"வெட்டைக்கு."

"அல்லாவே!" என்றார் மாமி. "என்ன கதை மச்சி இது? இத்தா முடிஞ்ச காலோட, ஆம்புளையள் நிக்கிற எடத்துக்கு? ஊர் என்ன செல்லும்?"

"ஊர் செல்றதெல்லாம் அறைக்குள்ள இருந்து கேட்டு முடிச்சிட்டன்" என்றார் உம்மா. "இனி நான் பாக்கணும்."

மெசின் நின்ற இடத்திலேயே டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் ஒதுங்கிப் போகச் சொல்லிக் கத்தினார். திடீரென்று மாமா சுக்கானைக் கிழக்கே வெட்டித் திருப்பினார். அவர் திருப்பிய வேகத்தில் மாமியின் வெற்றிலைப் பெட்டி திறந்து பாக்கெல்லாம் பாயில் உருண்டது.

எனக்குப் பெரிய சந்தோசம். மௌத்து என்றால் என்ன என்று தெரிந்த வயதுதான். மையவாடி எங்கே என்றும், வாப்பா அங்கேதான் இருக்கிறார் என்றும் தெரியும். ஆனாலும் அந்த மணல் மேடுகளைக் கண்டதும் என் கண் வாப்பாவின் நீலச் சட்டையைத் தேடியது. யாராவது என்னை எண்ணெய்த் தாங்கியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்ற மாட்டார்களா என்றும் தேடியது.

மெசின் பெட்டி பலகையைத் தாண்டி உள்ளே வந்தபோது வெட்டையில் ஏழெட்டுப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருப்பது யாரென்று முதலில் கண்டவர் கச்சான்காரர். அவர் கையைக் காட்டினார். ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பிறகு மற்றொன்று. மேட்டில் ஏறிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தி, சைக்கிளோடு சறுக்கிக்கொண்டே கீழே வந்தான். கடைசியில் மாமாவும் மெசினை நிறுத்தினார். அதன் பிறகு கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது. பொடியன்கள் எல்லோரும், தெருவில் ஜனாஸா தூக்கிப் போவதைக் கண்டவர்கள் மாதிரி, சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து நின்றார்கள்.

பட்டறைத் தம்பி ஒரு ஓரத்தில் யாருடையதோ சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். போவதா நிற்பதா என்று தெரியாமல் கையிலிருந்த திருகுச் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போய் அந்தத் தம்பியக் கூட்டி வா மகள்" என்றார் உம்மா.

எனக்குப் போக விருப்பமில்லை. வாப்பாவைக் கொன்றவரைக் கூப்பிடுவதா? ஆனால் உம்மாவின் குரல் மறுக்கக்கூடியதாக இல்லை. மணலில் நடந்து போய், அவர் முகத்தைப் பார்க்காமல், "உம்மா வரட்டாம்" என்றேன். அவர் என் பின்னால் வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, வேறொருவரைப் போலிருந்தார்.

மாமா மெசினிலிருந்து குதித்து வழியில் நின்றார். உம்மா பெட்டியிலிருந்து தானாகவே இறங்கினார்.

"காக்கா, நீங்க கொஞ்சம் அங்கால நில்லுங்க. நான் கதைக்கணும்."

"இவனோடயா?"

"என்ட கையால சோறு திண்ட புள்ளதானே. கதைச்சா என்ன?"

மாமா இரண்டடி மட்டும் தள்ளி நின்றார். அதற்கு மேல் போகவில்லை.

"தம்பி, எந்த எடம்?" என்று உம்மா கேட்டார்.

பட்டறைத் தம்பி பெரிய மேட்டைக் காட்டினார். உம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். ஒரு கையால் சீலையையும் மறு கையால் என்னையும் பிடித்திருந்தார். காலுக்குக் கீழே மணல் வழுக்கியது. நெடுநாள் அறைக்குள்ளேயே இருந்தவர் என்பதால் பாதி வழியில் மூச்சு வாங்கியது. நின்றார், பிறகு ஏறினார். மாமா எங்களுக்குப் பின்னால் வந்தார். மேட்டின் மேல் நின்றபோது கடல் முழுவதும் தெரிந்தது. அந்தப் பக்கச் சரிவில் ஒரு ஆளும் இல்லை. சரிவின் நடுவில் மணலுக்கு மேலே ஒரு கருப்பு அடையாளம் தெரிந்தது.

"அதுதான் அக்கா. தென்னங்குத்தி. அண்டைக்கு அது மணலுக்குள்ள மூடிக் கிடந்திச்சு. காத்து எடுத்துப்போட்டுது, இப்ப தெரியுது."

"போட்டிக்கா ஓடின நீங்க?"

"இல்லக்கா. ஆணையாப் போட்டி இல்ல. நானா முன்னால போனார். மேல ஏறி நிண்டு கடலப் பார்த்தார். 'இங்கால ஒரு சனமும் இல்ல, வாடா'ண்டு எனக்குக் கையக் காட்டினார். பிறகு மெல்ல இறங்கினார். முன் சில்லு அந்தக் குத்தியில தட்டுப்பட்டுது. ஆளும் விழுந்து, சைக்கிளும் மேல விழுந்திட்டுது."

"மெல்லவா போனவர்?"

"மெல்லத்தான். அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்குதில்ல."

பின்னால் மாமா செருமினார். உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சரிவில் இறங்கி அந்தக் குத்திக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாங்களும் போனோம்.

"தண்ணி குடுத்தீங்களா?"

"போத்தல்ல கொஞ்சம் இருந்திச்சு. குடிக்க ஏலாமப் போயிற்று. சொண்ட நனைச்சு விட்டன்."

"நோவெண்டு கத்தினாரா?"

"இல்லக்கா. தலைய என்ட மடியில வச்சிருந்தன். என்னைப் பார்த்தார். கண் வேற எங்கயோ போச்சு."

உம்மா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அவர் என் கையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. என் விரல் நொந்தது.

"மூச்சுப் போற நேரம் கலிமாச் செல்லிக் குடுக்க அங்க ஒருத்தரும் இல்ல, என?"

"ஒருத்தரும் இல்லக்கா. நான் மட்டும்தான்." பட்டறைத் தம்பி கையிலிருந்த துணியைச் சுருட்டினார். "எனக்குப் பயமா இருந்திச்சு. உங்கட ஆக்கள் அந்த நேரத்தில என்ன சொல்லுவாங்கண்டு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லிக் குடுக்கலாமோ கூடாதோ எண்டு தெரியல்ல. அதுக்குள்ள நானாவே சொன்னார்."

"என்ன?"

"அவரே சொன்னார் அக்கா. சத்தம் வரல்ல, வாய்தான் அசைஞ்சுது. நான் காதக் கிட்ட வச்சுக் கேட்டன். இதச் சொல்லத்தான் அண்டைக்கு வீட்டடிக்கு வந்தன்."

மாமா மணலில் இருந்துவிட்டார். நின்ற மனிதர் அப்படியே குந்திவிட்டார்.

உம்மா அவர் பக்கம் திரும்பினார். "முழுக்கச் சென்னாரா? முடிச்சாரா?"

"முடிச்சார்."

"அவர் சென்ன மாதிரியே செல்லுங்க தம்பி. எனக்குக் கேக்கணும்."

பட்டறைத் தம்பி தயங்கினார். "நான் வேதக்காரன் அக்கா. நான் சொன்னாக் குற்றமில்லையா?"

"குத்தமில்ல. செல்லுங்க."

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். கையைச் சேட்டில் துடைத்தார். கண்ணை மூடினார். பிறகு, காதுக்குள் சொல்வது போல, மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"லா..."

நிறுத்தினார். ஒரு நீண்ட இடைவெளி. அலை ஒன்று வந்து போனது.

"...இலாஹ..."

மறுபடியும் நிறுத்தினார். மறந்துபோனாரோ என்று நான் நினைத்தேன். தொண்டையில் ஏதோ சிக்கியது போல ஒரு சிறு சத்தம் வந்தது. அதன் பிறகுதான்,

"...இல்லல்லாஹ்."

குர்ஆன் ஓதப் போகும் ஓதப்பள்ளியில் என் வரிசைப் பிள்ளைகளில் என் உச்சரிப்புத்தான் திருத்தம் என்று லெப்பை சொல்லியிருந்தார். கலிமாவை நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் 'அல்லாஹ்வைத் தவிர நாயன் இல்லை' என்ற கருத்து வெறும் 'நாயன் இல்லை' என்று கெட்டுவிடும், ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று அவர் எங்களுக்குப் பிரம்போடு படிப்பித்திருந்தார். பட்டறைத் தம்பி அதைப் பிழையாகச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பிடி இல்ல! நிப்பாட்டாமச் செல்லணும்" என்று நான் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினேன்.

உம்மா என் வாயைப் பொத்தினார். மென்மையாகத்தான் பொத்தினார், ஆனால் கையை எடுக்கவில்லை. அப்படியே பொத்திக்கொண்டு, "இன்னொருக்காச் செல்லுங்க தம்பி" என்றார்.

அவர் இன்னொரு தரம் சொன்னார். அதே இடங்களில் நிறுத்தினார். அதே சிறு சத்தம். இரண்டாம் தரமும் அவருக்குச் சரியாக வரவில்லையே என்று உம்மாவின் கைக்குள்ளிருந்தபடி நினைத்தேன்.

உம்மா மணலில் குந்தி, குத்தியைச் சுற்றியிருந்த மணலைக் கையால் தடவினார். அழுததாகத் தெரியவில்லை. முக்காடு முகத்தை மறைத்திருந்தது. மாமாதான் அழுதார். தோளெல்லாம் குலுங்க, சத்தமாக அழுதார். மாமா அழுததை நான் கண்டது அன்றுதான். பிறகு எழும்பி, மேட்டைத் தாண்டி ஓடினார். சற்று நேரத்தில் மெசினின் சத்தம் கேட்டது. பெட்டியைக் கழற்றி விட்டு, மேட்டைச் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கமாக மெசினை ஓட்டி வந்தார். கையில் மரம் இழுக்கிற சங்கிலி. பின்னால் பொடியன்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. எல்லோருமாகக் குந்தியிருந்து கையால் மணலை வாரினார்கள். வெளியே ஒரு சாண்தான் தெரிந்தது, உள்ளே ஓர் ஆள் உயரம் இருந்தது. மாமாவும் பட்டறைத் தம்பியும் எதிரெதிராக இருந்து சங்கிலியைச் சுற்றினார்கள். "உங்கால இழுங்க" என்றார் பட்டறைத் தம்பி. "நீ கையப் பாத்துக்கோ" என்றார் மாமா. அந்த வாயால் அவருக்கு அதைவிட அன்பான ஒன்றைச் சொல்ல வந்திருக்காது. மெசின் உறுமியது, முன் சில்லு எழும்பியது, பின் சில்லுகள் மணலை வாரி இறைத்தன. குத்தி முனகிக்கொண்டு, வேரெல்லாம் தொங்க வெளியே வந்தது. பொடியன்கள் சத்தம் போட வாயெடுத்து, உம்மாவைக் கண்டு அடக்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து பெட்டியில் ஏறியதும் உம்மா மாமாவிடம் சொன்னார்.

"பொடியனுகள ஓடச் செல்லுங்க காக்கா."

"இப்பயா?"

"ஓம். நான் பாக்கணும். பாக்க வரச் செல்லி எத்தின தரம் கூப்பிட்டார்."

பொடியன்கள் வெட்கத்தோடு சைக்கிள்களை உதைத்தார்கள். விதவைப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க எப்படி ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊர்வலம் போவது போல வரிசையாக, மெதுவாக வெட்டையைச் சுற்றினார்கள். பிறகு ஒருவன் மேட்டில் ஏறினான். பாதியில் புதைந்து விழுந்தான். மாமி தன்னை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். உம்மா பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் எண்ணெய்த் தாங்கியில் ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

மரைக்காயர் மறுபடி வந்தபோது உம்மா கதவோரத்தில் நின்று பதில் சொன்னார். "மூட வேணாம். குத்தியளக் கெளப்பச் செல்லுங்க." மாமாவின் மெசினும் பொடியன்களுமாகச் சேர்ந்து வெட்டையிலிருந்த குத்திகளையெல்லாம் இழுத்துப் போட்டார்கள். பட்டறைத் தம்பி மீண்டும் எங்கள் முற்றத்துக்கு வந்தார். வாப்பாவின் சைக்கிளைத் திருத்திக் கொடுத்தார். அதை யாரும் ஓடவில்லை. சில வருடங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நிலைமை கெட்டது. கல்முனையிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வருவதும், எங்கள் ஊரிலிருந்து ஒருவர் அங்கே போவதும் லேசான காரியமில்லாமல் போனது. அவர் எங்கேயோ வெளிநாட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். எங்கே என்று சொல்ல யாருமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி. வெட்டையில் நடந்ததில் எனக்கு நன்றாகப் பதிந்தது பட்டறைத் தம்பி கலிமாவைப் பிழையாகச் சொன்னதுதான். அடுத்த நாளே ஓதப்பள்ளியில் அதை நடித்துக் காட்டினேன். கண்ணை மூடி, "லா" என்று சொல்லி நிறுத்தி, விழிபிதுங்க யோசித்து, "இலாஹ" என்று சொல்லி மறுபடி நிறுத்தி, தொண்டையைக் கனைத்து, ஒருவாறு முடிப்பேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெப்பை கண்டிருந்தால் தோலை உரித்திருப்பார்.

ஒரு பின்னேரம் வீட்டுக் கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் உம்மா நிற்கிறார். அடி விழப் போகிறது என்று கையால் முகத்தை மறைத்தேன். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள்.

உம்மா அடிக்கவில்லை. எனக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இன்னொருக்காச் செல்லு மகள்" என்றார். "அந்தத் தம்பி சென்ன மாதிரியே."

நான் சொன்னேன். எல்லா நிறுத்தங்களோடும் சொன்னேன். அதன் பிறகும் பல நாட்கள், வேலையெல்லாம் முடிந்து தங்கச்சி தூங்கிய பிறகு, உம்மா என்னைப் பக்கத்தில் அழைத்து அதைச் சொல்லச் சொல்வார். உம்மாவைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு வித்தை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதனால் ஒவ்வொரு தரமும் இன்னும் திருத்தமாகச் செய்தேன். முதல் இடைவெளியை இன்னும் நீட்டினேன். அந்தச் சிறு தொண்டைச் சத்தத்தை அப்படியே எடுத்தேன். உம்மா ஒரு தரமும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்பார், கடைசிச் சொல் வரும்வரை மூச்சைப் பிடித்திருப்பார், வந்ததும் மூச்சை விடுவார்.

பட்டறைத் தம்பி பிறந்து வளர்ந்தது ஐந்து பள்ளிகளின் பாங்கு கேட்கும் தூரத்தில். அந்த வசனத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டிருப்பார். நிறுத்தாமல் சொல்ல அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நிறுத்திய இடங்களில் நின்றது வாப்பாவின் மூச்சு. நான் அதைத் திருத்தப் பார்த்தேன், பிறகு நடித்துக் காட்டினேன், உம்மா ஏன் சிரிக்கவில்லை என்று தெரியாமலே தூங்கிப்போனேன்.